இலங்கையில், திருகோணமலை மாவட்டத்தின் மூதூர்ப் பக்கம் ஒரு பிள்ளையைப் படிக்க வைக்க விரும்புகிறவர்களுக்கு

வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரரும் என்னிடம் படித்த பிள்ளைகளும் அடிக்கடி கேட்பது இது: "ரீச்சர், மூதூர்ப் பக்கம் ஒரு பிள்ளையின் படிப்புக்கு உதவ விருப்பம். மாதம் எவ்வளவு அனுப்ப?" எவ்வளவு என்பதைப் பிறகு பார்ப்போம். எத்தனை வருடம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைப் பொறுப்பெடுத்தால் பதினோராம் வகுப்பில் வரும் ஓ.எல். (சாதாரண தரப்) பரீட்சை எழுதி முடிக்கும்வரை நிற்க வேண்டும். அவ்வளவு காலம் முடியாது என்றால் பரவாயில்லை, பின்னேர வகுப்பு ஒன்றுக்கு உதவுங்கள். ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்லித் தொடங்கிவிட்டு நடுவழியில் விடுவது மட்டும் வேண்டாம்.

"யுத்தம் முடிந்து இவ்வளவு காலமாகிவிட்டதே, இன்னும் என்ன?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். கொஞ்சம் கணக்குப் பாருங்கள். 2006இல் யுத்தத்தால் மூதூருக்குப் பக்கத்துச் சம்பூரை விட்டு ஓடிய சனம் ஈச்சிலம்பற்று, வாகரை, மட்டக்களப்பு என்று அலைந்து, பிறகு கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முகாம்களில் வருடக்கணக்காகக் கிடந்தது. சம்பூர்க் காணிகளுக்குள் திரும்பப் போக விட்டது 2015, 2016இல்தான். 2006இல் நாலாம் வகுப்பில் இருந்த பெண்பிள்ளை இன்றைக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குத் தாய். அவள் வகுத்தல் கணக்குப் படிக்க வேண்டிய வருடம் தறப்பாள் கொட்டிலில் போய்விட்டது. மகன் பின்னக் கணக்கோடு வந்து நிற்கும்போது அவள் என்னத்தைச் சொல்லிக் கொடுப்பாள்? ரியூசனுக்கு அனுப்பத்தான் பார்ப்பாள். அதற்குக் காசு வேண்டும். யுத்தம் இப்படித்தான் அடுத்த தலைமுறையின் வகுப்பறைக்குள்ளும் வந்திருக்கிறது. ஆகவே பிள்ளைக்கு உதவும்போது தாயையும் கணக்கில் எடுங்கள்.

யுத்தமோ சுனாமியோ நடந்த கையோடு யுனிசெப் அனுப்பும் 'பெட்டிக்குள் பள்ளிக்கூடம்' என்று ஒன்று உண்டு. ஒரு ஆசிரியரும் 40 பிள்ளைகளும் மரத்தடியில் இருந்தாவது பாடம் தொடங்கத் தேவையான சாமான்கள் அதற்குள் இருக்கும். அந்த நேரத்துக்கு அது பெரிய உதவி. ஆனால் இப்போதும் பலர் அதே மாதிரிப் புத்தகப்பையும் கொப்பியும் கட்டி அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். இலங்கையில் பாடநூல் 1980இலிருந்தும் சீருடைத் துணி 1993இலிருந்தும் அரசாங்கமே இலவசமாகக் கொடுக்கிறது. ஆகவே அவற்றுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். கொப்பி, கொம்பாஸ் பெட்டி, சப்பாத்து வாங்குவதென்றால் மூதூரிலோ திருகோணமலை மத்திய வீதியிலோ வாங்குங்கள். லண்டனில் இருந்து பெட்டி கட்டி அனுப்பும் செலவில் இங்கே இன்னொரு பிள்ளைக்கும் சப்பாத்து வாங்கலாம். அளவும் சரியாக இருக்கும்.

பிள்ளையைத் தேர்ந்தெடுக்க முன்னம் வகுப்பாசிரியரோடு கதையுங்கள். அதிபரிடம் அனுமதி கேட்க வேண்டும், அது முறை. ஆனால் எந்தப் பிள்ளை திங்கட்கிழமைகளில் வருவதில்லை, எந்தப் பிள்ளை இடைவேளையில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே வைத்திருக்கிறது என்பது வகுப்பாசிரியருக்குத்தான் தெரியும். வரவுப் பதிவேட்டைப் பார்த்தாலே பாதி விளங்கும். அப்புறம் வீட்டுக்குப் போய்த் தாயோடு இருந்து கதையுங்கள். தாய் வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருந்தால் அம்மம்மாவோடு கதையுங்கள். "என்ன வேண்டும்?" என்று கேட்டால் கூச்சத்தில் "ஒன்றும் வேண்டாம்" என்பார்கள். "போன மாதம் பிள்ளை எத்தனை நாள் பள்ளிக்குப் போகவில்லை, ஏன்?" என்று கேளுங்கள். பஸ் காசு, காய்ச்சல், மழை வெள்ளம் ஒழுங்கையை மூடியது, தம்பியைப் பார்க்க ஆளில்லை என்று உண்மையான காரணம் வெளியே வரும். எதற்கு உதவ வேண்டும் என்பது அந்தப் பதிலில் இருக்கிறது.

கடதாசி விஷயத்தை ஒத்திப் போடாதீர்கள். இடம்பெயர்ந்த குடும்பங்களில் தாய் தகப்பனின் பிறப்புப் பத்திரமே தொலைந்திருக்கும், பிள்ளையின் பதிவிலும் பெயர் பிழையாக இருக்கும். ஓ.எல். எழுத அடையாள அட்டை வேண்டும். அதற்கு 15 வயதில் அதிபர் மூலம் விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு முதலில் பிறப்புப் பத்திரம் வேண்டும். பிறப்பு எந்தப் பிரிவில் பதியப்பட்டதோ அந்தப் பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்கலாம். பதிவே இல்லையென்றால் காலங்கடந்த பதிவு செய்ய வேண்டும். அதற்கு ஜீ.எஸ். (கிராம சேவகர்) கடிதம், பள்ளிக்கூடக் கடிதம் என்று அலைச்சல் உண்டு. கூலி வேலைக்குப் போகும் தாய் ஒரு நாள் அலைந்தால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். அந்த நாள் சம்பளத்தையும் பஸ் காசையும் கொடுத்து, எழுதத் தெரிந்த ஒருவரைக் கூட அனுப்புங்கள். இதை எட்டாம் வகுப்பிலேயே முடித்துவிடுங்கள்.

இப்போது காசு. முழுவதையும் காசாகக் கையில் கொடுப்பது நல்லதில்லை என்பது என் அபிப்பிராயம். தாயில் நம்பிக்கை இல்லாமல் சொல்லவில்லை. இந்தக் கிராமங்களில் நுண்கடன் எடுக்காத வீடு குறைவு. கிழமைக்கு ஒரு தடவை கடன் காசு கேட்டு வாசலில் வந்து நிற்கிற ஆளுக்கு முன்னால், பிள்ளையின் பஸ் காசைத் தனியாக முடிந்து வைப்பது எந்தத் தாய்க்கும் கஷ்டம். அரசாங்க இ.போ.ச. பஸ்ஸில் மாணவர் சீசன் (மாதப் பயணச்சீட்டு) குறைந்த விலையில் கிடைக்கும், அதை எடுத்துக் கொடுங்கள். பஸ் ஓடாத ஊரென்றால் ஒரு நல்ல சைக்கிள், கூடவே டயர் ரியூப் மாற்ற வருடத்துக்கு ஒரு சிறு தொகை. ரியூசன் காசை ஆசிரியருக்கே நேராகக் கட்டுங்கள். எல்லாப் பாடத்துக்கும் தேவையில்லை. ஓ.எல்.லில் ஒன்பது பாடம் இருந்தாலும் இங்கே அதிகம் பிள்ளைகளை விழுத்துவது கணிதம், அடுத்தது ஆங்கிலம், விஞ்ஞானம். மிச்சத்தில் கொஞ்சம் தாயின் கையில் கொடுங்கள், அதற்குக் கணக்குக் கேட்காதீர்கள்.

இனி, எல்லாவற்றையும் விட முக்கியம் என்று நான் நினைப்பது. பிள்ளைக்கு வாசிக்கத் தெரியுமா என்று நீங்களே பாருங்கள். பரீட்சைப் புள்ளியை நம்ப வேண்டாம். ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளை ஒன்றின் கொப்பி அவ்வளவு வடிவாக இருந்தது. சிவப்புக் கோடு, ஒரு வெட்டுக்கொத்து இல்லை. "மழைநீர் நிலத்தினுள் ஊடுவடிகிறது" என்று எழுதியிருந்தாள். வாசி என்றேன், சரளமாகச் சொன்னாள். பிறகு கையால் மற்றச் சொற்களை மறைத்து, 'நிலத்தினுள்' என்ற சொல்லை மட்டும் காட்டிக் கேட்டேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கரும்பலகையைப் பார்த்து எழுதியதும், ரீச்சர் சொன்னதை மனப்பாடமாக்கியதும்தான் அவ்வளவு நாளும் அவளைக் கொண்டுவந்திருந்தன.

இப்படிப்பட்ட பிள்ளைக்கு ஆறாம் வகுப்பு ரியூசன் எடுத்துப் பயனில்லை. இந்தியாவில் பிரதம் என்ற அமைப்பு செய்யும் சின்னச் சோதனை ஒன்று இங்கேயும் நன்றாகப் பொருந்துகிறது. முதலில் சில எழுத்துகள், பிறகு சில சொற்கள், பிறகு ஒரு சின்னப் பந்தி, கடைசியில் ஒரு சிறு கதை. எந்தப் படியில் பிள்ளை தடக்குகிறதோ அங்கேயிருந்து தொடங்க வேண்டும். வயதையும் வகுப்பையும் பார்க்காமல், தடக்கும் இடத்தைப் பார்த்து மூன்று நான்கு பிள்ளைகளாகச் சேர்த்து இருத்துங்கள். அந்த ஊரில் ஏ.எல். (உயர்தரம்) முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் ஒரு பெண்பிள்ளைக்கு ஒழுங்கான சம்பளம் கொடுத்து வகுப்பை நடத்தச் சொல்லலாம். சும்மா செய்யச் சொல்லாதீர்கள், ஓரிரு மாதத்தில் வகுப்பு நின்றுவிடும். தாய்மாரையும் பக்கத்தில் இருக்க விடுங்கள். பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதைப் பார்த்துத் தாயும் படிப்பாள், அவளைத் தனியாக வகுப்புக்குக் கூப்பிட்டால் வரமாட்டாள். வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கம் என்றால் இருட்ட முன்னம் வகுப்பை முடித்துவிடுங்கள், யானை வரும். மார்கழி வெள்ளத்துக்குப் பிறகு வகுப்பைத் திரும்பத் தொடங்க ஆளனுப்பிக் கூப்பிட வேண்டியிருக்கும். அதைச் சலிப்பாக நினைக்காதீர்கள்.

படம் எடுக்கும் விஷயத்தில் நான் கடுமையாகவே இருக்கிறேன். கழுத்தில் மாலை, பின்னால் பதாகை, கையில் பை என்று பிள்ளையை நிறுத்திப் படம் எடுத்து முகநூலில் போடக்கூடாது. வகுப்பில் மற்றப் பிள்ளைகள் அதைப் பார்ப்பார்கள். தகப்பன் காணாமல் ஆக்கப்பட்ட வீட்டில், "உன் கதையை எழுது" என்று பிள்ளையிடம் கடிதம் கேட்கக்கூடாது. என்ன படிக்கிறாய், எந்தப் பாடம் பிடிக்கும் என்று கேளுங்கள், அது போதும். தவணைக்கு ஒரு தடவை தேர்ச்சி அறிக்கையைப் பாருங்கள், ஆனால் புள்ளி குறைந்தால் காசை நிறுத்துவேன் என்று சொல்லாதீர்கள். பிள்ளைக்கு அடி, துன்புறுத்தல் நடப்பதாகத் தெரிந்தால் சிறுவர் உதவித் தொலைபேசி எண்ணான 1929க்கு அழையுங்கள், உங்கள் பெயரைச் சொல்லத் தேவையில்லை.

ஓ.எல். சரிவராவிட்டாலும் கதவு மூடவில்லை. 2017இல் தொடங்கிய 13 ஆண்டு உறுதிப்படுத்தப்பட்ட கல்வித் திட்டத்தில், சித்தியடையாத பிள்ளையும் தொழில் பாடங்களோடு உயர்தர வகுப்புக்குப் போகலாம். எந்தப் பாடசாலையில் அது நடக்கிறது என்று வலயக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள். நன்றாகச் செய்து விஞ்ஞானமோ கணிதமோ படிக்க விரும்பும் பிள்ளை திருகோணமலை நகரத்துக்கு வர வேண்டியிருக்கலாம். அப்போது தங்குமிடச் செலவுதான் பெரிது. பெண்பிள்ளை என்றால் எங்கே, யாரோடு தங்கப்போகிறாள் என்பதைத் தாய் நேரில் வந்து பார்க்க ஒழுங்கு செய்யுங்கள். அதைப் பார்க்காமல் அனுப்பமாட்டார்கள், அனுப்பவும் கூடாது.

உங்களுக்கும் வேலை போகலாம், நோய் வரலாம். நிறுத்த வேண்டி வந்தால் ஒரு தவணைக்கு முன்னமே தாய்க்கும் வகுப்பாசிரியருக்கும் சொல்லிவிடுங்கள். சீசனையும் ரியூசனையும் அந்தத் தவணை முடியும்வரை கட்டிவிட்டு, பிள்ளையின் கடதாசிகளின் பிரதிகளை அதிபரிடம் கொடுத்து, அடுத்துப் பொறுப்பெடுக்க ஒருவரை நீங்களே தேடிப் பாருங்கள்.