கேபினெட்டுக்கு எந்த ஸ்க்ரூ? சேலத்து வீட்டுக்கும் ஏற்காட்டு வீட்டுக்கும்

ஸ்க்ரூ பெட்டியின் மேல் 50 × 8 என்று போட்டிருக்கும். 50 என்பது மி.மீ. கணக்கில் நீளம். 8 என்பது பருமன் நம்பர், மி.மீ. இல்லை. 6 நம்பர் சுமார் 3.5 மி.மீ., 8 நம்பர் 4.2, 10 நம்பர் 4.8. தலை பலகைக்குள் புதையும் சிஎஸ்கே ரகத்தில் நீளம் தலையோடு சேர்த்தது. உருண்டைத் தலை ரகத்தில் தலைக்குக் கீழிருந்து அளந்தது. இந்த வித்தியாசம் தெரியாமல் வாங்கினால் கீல் மாட்டும்போது ஸ்க்ரூவின் முனை மறுபக்க சன்மைக்காவில் பரு மாதிரி எழும்பி நிற்கும்.

இங்கே கணக்குக்கு எடுத்துக்கொள்வது சமையலறை மேடைக்குக் கீழே வைக்கும் ஒரு பெட்டி. 600 மி.மீ. அகலம், 720 உயரம், 560 ஆழம். பக்கப் பலகை இரண்டு, அடிப்பலகை ஒன்று, மேலே முன்னும் பின்னும் இரண்டு பட்டை எல்லாம் 18 மி.மீ. ப்ளைவுட். முதுகுக்கு 6 மி.மீ. ப்ளைவுட்.

படி 1: நீளம்

ஸ்க்ரூவின் பிடி முழுக்க இரண்டாவது பலகையில்தான் இருக்கிறது. முதல் பலகையைத் தலை அழுத்திப் பிடிக்கிறது, அவ்வளவுதான். அதனால் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு இரண்டாவது பலகைக்குள் போக வேண்டும். 18 மி.மீ. பக்கப் பலகையைத் தாண்டி அடிப்பலகையின் விளிம்புக்குள் 32 மி.மீ. இறங்கினால் நல்ல பிடி. அதற்கு 50 × 8. 35 × 8 போட்டால் உள்ளே இறங்குவது 17 மி.மீ. மட்டும். சாமான் நிறைந்த பெட்டியை இழுத்து நகர்த்தும்போது மூலை விட்டுக்கொடுக்கும்.

முதுகுப் பலகைக்கு 25 × 6. கீலுக்கு 16 × 6. கீல் தகட்டின் கனம் போக பலகைக்குள் 14 மி.மீ. சொச்சம் இறங்கும், போதும். 19 × 6 வாங்கினால் முனை மறுபக்கத்தைத் தொடும் அளவுக்கு நெருங்கிவிடும்.

படி 2: எத்தனை வேண்டும்

அடிப்பலகைக்கு ஒரு பக்கம் 4. முன் விளிம்பிலிருந்து 40, 200, 360, 520 மி.மீ. தூரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கத்துக்கு 8. மேல் பட்டை இரண்டுக்கும் முனைக்கு 2 வீதம் இன்னொரு 8. ஆக 50 × 8-இல் 16. முதுகைச் சுற்றி 150 மி.மீ.க்கு ஒன்று என்றால் 18. கதவு இரண்டு, கதவுக்குக் கீல் இரண்டு, கீலுக்கு ஸ்க்ரூ 4, மொத்தம் 16. எல்லாவற்றிலும் நாலைந்து கூடுதலாக வாங்குங்கள்.

கடையில் கேட்கும்போது முழுதாகச் சொல்லுங்கள்: "அண்ணே, 50க்கு 8, சிஎஸ்கே, மர ஸ்க்ரூ." வெறுமனே "ரெண்டு இஞ்ச் ஸ்க்ரூ" என்றால் பல நேரம் கருப்பு ஸ்க்ரூதான் கைக்கு வரும். அது ஜிப்சம் பலகைக்கானது. விலை குறைவு, கூர்மையாக இறங்கும். ஆனால் கடினப்படுத்திய இரும்பு, வளையாது. பக்கவாட்டில் பாரம் விழுந்தால் தலை டக்கென்று ஒடிந்துவிடும், உடல் பலகைக்குள்ளேயே தங்கிவிடும். பெட்டியின் மூலைகளில் அதைப் போட வேண்டாம்.

படி 3: எந்த உலோகம்

சேலம் ஊருக்குள் வரவேற்பறை, படுக்கையறை அலமாரிக்குத் துத்தநாகப் பூச்சு ஸ்க்ரூ தாராளமாகப் போதும். சிங்க்குக்குக் கீழே வரும் பெட்டிக்கு எஸ்எஸ், அதாவது துருப்பிடிக்காத எஃகு.

ஏற்காட்டில் எங்கே வைத்தாலும் எஸ்எஸ்தான். கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம், பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்து போகும். பூச்சு ஸ்க்ரூவை ஏற்றும்போது டிரில்லில் மாட்டும் பிட் உரசித் தலையில் அந்தப் பூச்சு போயிருக்கும், துரு அங்கிருந்துதான் தொடங்கும். தேக்கு மாதிரி மரங்களில் இரும்பும் ஈரமும் சேர்ந்தால் ஸ்க்ரூவைச் சுற்றிக் கருப்புக் கறையும் படரும், தேய்த்தாலும் போகாது.

எஸ்எஸ்ஸில் 304 என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். 202 என்ற எஸ்எஸ் ரகத்துக்குத் துரு சீக்கிரம் வரும். காந்தம் இரண்டையும் பிரித்துக் காட்டாது. 304 காந்த பிட்டில் ஒட்டாமல் நழுவி விழும் என்பதால் விரலால் பிடித்துத்தான் தொடங்க வேண்டும். உலோகம் சற்று மென்மையானது, துளை போடாமல் முறுக்கினால் தலையின் பள்ளம் வழித்துக்கொண்டு போய்விடும்.

படி 4: துளை

முதல் பெட்டி கெடுவது பெரும்பாலும் இங்கேதான். ஸ்க்ரூ சரியாக இருந்தும் துளை தப்பினால் பயனில்லை.

பக்கப் பலகையின் ஓரத்திலிருந்து 9 மி.மீ. உள்ளே ஒரு கோடு இழுங்கள். அடிப்பலகை விளிம்பின் நடு அதுதான். கோட்டின் மேல் பக்கப் பலகையில் மட்டும் 4.5 மி.மீ. பிட்டால் துளை. பிறகு இரண்டையும் சேர்த்து கிளாம்ப் போட்டு, அதே துளை வழியாக அடிப்பலகை விளிம்பில் 3 மி.மீ. பிட்டால் ஸ்க்ரூ இறங்கும் ஆழம் வரை துளை. கடைசியாகத் தலை உட்காரக் குழிவு பிட்.

முதல் துளை ஏன் பெரிதாக இருக்க வேண்டும்? அதுவும் 3 மி.மீ. என்றால் மரை முதல் பலகையையும் கடித்துக்கொள்ளும். பலகைகளுக்கு நடுவே முடி அளவு இடைவெளி இருந்தால் அது அப்படியே நிற்கும். எவ்வளவு முறுக்கினாலும் மூடாது, இரண்டு பலகையும் அதே இடைவெளியோடு சேர்ந்தே இழுபடும். ஸ்க்ரூ வழுவழுவென்று போய், தலை மட்டும் இழுத்தால்தான் இணைப்பு மூடும்.

விளிம்புத் துளை போடாமல் நேரடியாக ஏற்றினால் ப்ளைவுட் அடுக்குகள் பிரியும். விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். லேசாக உப்பியிருக்கும், உப்பிய இடத்தில் ஒரு தாள் நுனி நுழையும். அந்த இடத்தில் ஸ்க்ரூ பிடிக்காது. 40 மி.மீ. தள்ளிப் புதிதாகப் போடுங்கள்.

துகள் பலகை என்றால் இந்த ஸ்க்ரூவே வேண்டாம். அதன் விளிம்பில் நுண்மரை நிற்காது, பொடியாக உதிரும். துகள் பலகைக்கென்று வரும் தடித்த கன்ஃபர்மேட் ஸ்க்ரூ 7 × 50-உம் (இதில் 7 என்பது மி.மீ. பருமன், 50 நீளம்) அதற்கான படிவைத்த பிட்டும் வாங்குங்கள்.

படி 5: ஏற்றுவது

டிரில்லின் கிளட்சை (முறுக்கும் விசையைக் கட்டுப்படுத்தும் வளையம்) குறைத்து வைத்துத் தொடங்குங்கள். 8 நம்பருக்கும் 6 நம்பருக்கும் 2 நம்பர் பிட். கடைசி இரண்டு சுற்று கையால். மரையில் மெழுகுவத்தியைத் தேய்த்துக்கொண்டால் இலகுவாக இறங்கும். சோப்பு வேண்டாம், அது ஈரத்தை இழுக்கும்.

சில்வர் ஓக் மேல்பலகை

சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கை அறுத்து மேல்பலகை போடுகிறவர்கள் உண்டு. முழு மரம் அகலவாக்கில் மழைக்காலத்தில் விரியும், கோடையில் சுருங்கும். நாலு மூலையிலும் இறுக்கிப் பூட்டினால் பலகை வெடிக்கும். முன்பட்டையில் சாதாரணத் துளை. பின்பட்டையில் மரம் விரியும் திசையில் 4.5 அகலம், 10 மி.மீ. நீளத்துக்கு நீள்துளை. அதில் வாஷர் வைத்து உருண்டைத் தலை ஸ்க்ரூவைப் பட்டையின் அடியிலிருந்து ஏற்றுங்கள். மேல்பலகை 25 மி.மீ. என்றால் 35 × 8 போதும். இன்னும் காயாத பச்சைப் பலகையில் ஏற்றவே வேண்டாம். காயக் காய மரம் சுருங்கி ஸ்க்ரூ ஆட ஆரம்பிக்கும்.

மரை வழுக்கினால்

பெரிய ஸ்க்ரூவைத் தேடாதீர்கள், விளிம்பைப் பிளக்கும். மூங்கில் பல்குச்சி இரண்டு மூன்றை ஃபெவிகாலில் நனைத்துத் துளைக்குள் தட்டி, மட்டமாக வெட்டிவிட்டு ஒரு நாள் விடுங்கள். ஏற்காட்டு மழைக்காலம் என்றால் இரண்டு நாள். பிறகு 2.5 மி.மீ. பிட்டில் துளை போட்டு அதே ஸ்க்ரூவைக் கையால் ஏற்றுங்கள்.