குழந்தைகளைக் கல்லில் மோதுகிறவன் பாக்கியவானா? வேதாகமத்தின் கடினமான வசனங்களை வாசிக்கத் தொடங்குவோருக்கு ஒரு செய்முறை

பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடைப்பட்ட எங்கள் பகுதியில், ஒரே ஆலயத்தில் தமிழில் ஓர் ஆராதனையும் மலையாளத்தில் ஓர் ஆராதனையும் நடத்தும் சபைகள் உண்டு. எந்த மொழியானாலும், "பாபிலோன் ஆறுகள் அருகே" என்று தொடங்கும் 137ஆம் சங்கீதத்தை வாசிக்கிறவர்கள் பெரும்பாலும் ஆறாம் வசனத்தோடு நிறுத்திவிடுவதை நான் கவனித்திருக்கிறேன். ஓய்வுநாள் பள்ளியில் நான் பாடம் நடத்திய முதல் ஆண்டில், ஒரு சிறுமி மீதி மூன்று வசனங்களையும் தானே வாசித்துவிட்டு, குழந்தைகளைக் கல்லில் மோதுகிறவன் எப்படிப் பாக்கியவானாவான் என்று கேட்டாள். "அது பழைய ஏற்பாடு, வளர்ந்தால் புரியும்" என்றேன். அது பதிலே அல்ல என்பது அவளுக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. பிற்பாடு நான் மெல்ல மெல்லப் பழகிக்கொண்ட வாசிப்பு முறையை, இப்போதுதான் தொடங்குகிறவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

தேவையானவை அதிகமில்லை. 1871இல் வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பின் வழியில் வந்த தமிழ் வேதாகமம் ஒன்று, அதுவும் ஒத்துவாக்கியங்கள் (ஒரே கருத்துள்ள பிற வசனங்களைக் காட்டும் குறிப்புகள்) அச்சிட்டதாக இருந்தால் நல்லது, 1910ஆம் ஆண்டின் மலையாள சத்தியவேதபுஸ்தகம் ஒன்று, கிடைத்தால் 1995இல் வந்த திருவிவிலியம், ஒரு குறிப்பேடு. 1956 நவம்பர் 1 வரை விளவங்கோடும் கல்குளமும் திருவிதாங்கூரிலும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தமையால், எல்லையின் இருபுறமும் உறவுள்ள நம் வீடுகளில் இரண்டு மொழி வேதாகமங்களும் அலமாரியில் கிடப்பது புதிதல்ல. மூல எபிரெயமோ கிரேக்கமோ தெரியாத ஒருவனுக்கு இரண்டு மொழிபெயர்ப்புகளை அருகருகே வைத்துப் பார்ப்பதைவிட எளிய கருவி வேறில்லை என்பது என் துணிபு.

முதற்படி: வசனத்தை மெருகிடாமல் எழுதிக்கொள்ளுங்கள்

"உன் குழந்தைகளைப் பிடித்து, கல்லின்மேல் மோதியடிக்கிறவன் பாக்கியவான்" என்று தமிழில் உள்ளது. மலையாளத்தில் அதே இடத்தில் "பாறமேல்" என்று இருக்கிறது. கல் என்றால் நமக்குத் துவைகல்லும் நினைவுக்கு வரும். ஆனால் எபிரெயத்தில் உள்ள "செலா" என்னும் சொல் செங்குத்தான பாறையைக் குறிப்பது, ஆகவே இங்கே மலையாளம் ஒரு படி நெருங்கி நிற்கிறது. "பாக்கியவான்" என்பதும் வேறு ஏதோ சொல் அல்ல; முதலாம் சங்கீதத்தின் முதல் வசனத்தில் துன்மார்க்கரின் ஆலோசனையில் நடவாதவனுக்குச் சூட்டப்படும் அதே "அஷ்ரே" என்னும் எபிரெயச் சொல்தான். இப்படி ஒப்பிட்டதில் வசனம் இளகவில்லை, இன்னும் கடினமாயிற்று. அது நல்லதே, கடுமையை முதலிலேயே குறைத்துவிட்டால் நீங்கள் விளக்குவது வேறொரு வசனமாகிவிடும்.

இரண்டாம் படி: யார் வாய், யார் செவி?

ஆறு படிகளில் ஒன்றை மட்டுமே செய்ய நேரம் இருந்தால் இதைச் செய்யுங்கள். வேதாகமத்தில் எழுதப்பட்ட ஒவ்வொரு வாக்கியமும் கடவுள் நமக்குச் சொல்லும் வாக்கியம் அல்ல. அதில் சாத்தான் பேசுகிறான், யோபுவின் நண்பர்கள் தவறாகப் பேசி அதற்காகவே பின்னர் கடிந்துகொள்ளப்படுகிறார்கள். சங்கீதம் 137ஐ எடுத்து ஒவ்வொரு வசனத்துக்கும் பக்கத்தில் பேசுகிறவரையும் கேட்கிறவரையும் பென்சிலால் குறித்துவாருங்கள். முதல் ஆறு வசனங்களில் சிறைப்பட்டுப் போனவர்கள் தங்கள் துயரத்தையும் எருசலேமின் நினைவையும் சொல்கிறார்கள். ஏழாவதில் அவர்கள் கர்த்தரை நோக்கி, ஏதோமியர் செய்ததை நினைக்கும்படி மன்றாடுகிறார்கள். எட்டிலும் ஒன்பதிலும் பாபிலோனைப் பார்த்துப் பேசுகிறார்கள். கர்த்தர் இந்தச் சங்கீதத்தில் ஒரு சொல்லும் பேசவில்லை. ஆகவே இது கட்டளையும் அல்ல, வாக்குத்தத்தமும் அல்ல.

அடுத்து, எட்டாம் வசனத்தில் உள்ள "நீ எங்களுக்குச் செய்தபடி" என்னும் சொற்களின் கீழே கோடிடுங்கள். கி.மு. 587 வாக்கில் எருசலேம் பாபிலோனியரிடம் விழுந்தபோது அந்த மக்களின் குழந்தைகளுக்கு என்ன நேர்ந்தது என்பதை இந்தச் சொற்கள் மறைமுகமாகச் சொல்லிவிடுகின்றன. பகைவரின் பிள்ளைகளைக் கொல்வது அக்காலப் போர்களில் நடந்தது என்பதற்கு 2 இராஜாக்கள் 8:12ஐப் பாருங்கள். சீரியாவின் ராஜாவாகப்போகும் ஆசகேல் இஸ்ரவேலின் குழந்தைகளுக்குச் செய்யப்போவதை முன்னறிந்து தீர்க்கதரிசி எலிசா அழுகிறான். இது தூரதேசத்துக் கொடுமை என்று தள்ளிவிடவும் நமக்கு வழியில்லை. மலையமானின் பிள்ளைகளை யானையின் காலில் இடவிருந்த சோழன் கிள்ளிவளவனைக் கோவூர்கிழார் பாடித் தடுத்த செய்தி புறநானூற்றின் 46ஆம் பாட்டில் இருக்கிறது. அங்கே தடுக்க ஒரு புலவர் இருந்தார். எருசலேமில் யாரும் இல்லை.

மூன்றாம் படி: என்ன வகைப் பேச்சு?

சட்டம், கதை, பழமொழி, கடிதம், பாட்டு ஆகியவற்றை ஒரே விதமாக வாசிக்கக் கூடாது என்பது தெரிந்ததே. இந்தச் சங்கீதத்துக்கு நம் ஊரிலேயே ஓர் இனம் உண்டு: ஒப்பாரி. மகனைப் பறிகொடுத்த ஒரு தாய், அதற்குக் காரணமானவனின் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றி, "உன் வமிசம் விளங்காமல் போக" என்று கதறினால், அதைக் கேட்கும் எவரும் அவளைக் கொலைகாரி என்று சொல்வதில்லை, அவள் சொன்னதை ஊர்ச்சட்டமாக எழுதிக்கொள்வதும் இல்லை. அவள் கையில் ஆயுதம் இல்லாததனால்தான் அந்தச் சாபம் பிறக்கிறது. பாபிலோனில் உட்கார்ந்திருந்தவர்களின் கையிலும் ஆயுதம் இல்லை. அவர்கள் தங்கள் பழிவெறியைக் கடவுளின் காதுபட அப்படியே கொட்டுகிறார்கள்.

இதற்கு மாற்றான இரண்டு வழிகளையும் சொல்லிவிடுகிறேன். ஆதித் திருச்சபையின் அறிஞர்களான ஓரிகெனும் அகஸ்தீனும் குழந்தைகள் என்பதை முளைவிடும் தீய எண்ணங்கள் என்று உருவகமாக விளக்கினார்கள். அகஸ்தீனுக்குப் பாறை கிறிஸ்து. செபத்தில் இது பயன்படலாம், ஆனால் முதல் விளக்கமாக இதை வைத்தால் அழுதவர்களின் பிள்ளைகள் வசனத்திலிருந்து காணாமற்போகிறார்கள் என்பதால் நான் இதை ஏற்பதில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் திருத்தப்பட்ட கத்தோலிக்கத் திருப்புகழ்மாலையோ (நாள்தோறும் குறித்த வேளைகளில் சொல்லும் செபநூல்), 58, 83, 109 ஆகிய சங்கீதங்களை முழுவதுமாகவும் 137இன் கடைசி மூன்று வசனங்களையும் விட்டுவிட்டது. பொதுச் செபத்தில் அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது; வேதபாட வகுப்பில் அது உதவாது, ஏனெனில் பிள்ளைகள் வீட்டில் வாசித்துவிடுகிறார்கள்.

நான்காம் படி: சொல்லை அதன் சொந்த ஊரில் தேடுங்கள்

லூக்கா 14:26இல் தகப்பனையும் தாயையும் "வெறுக்காவிட்டால்" சீஷனாயிருக்க முடியாது என்று இயேசு சொல்கிறார். மலையாளத்திலும் "பகெக்காதெ" என்றே இருக்கிறது. மொழிபெயர்த்தவர்கள் இருவரும் தப்பிக்க இடம் தரவில்லை. இப்போது ஒத்துவாக்கியத்தைப் பின்தொடருங்கள். மத்தேயு 10:37இல் அதே கருத்து, தகப்பனையாவது தாயையாவது "என்னிலும் அதிகமாய் நேசிக்கிறவன்" என்று வருகிறது. ஆதியாகமம் 29:30இல் யாக்கோபு லேயாளைவிட ராகேலை அதிகமாய் நேசித்தான் என்று சொல்லப்பட்டு, அடுத்த வசனத்திலேயே லேயாள் "அற்பமாய் எண்ணப்பட்டாள்" என்று வருகிறது. எபிரெயத்தில் அங்கே இருப்பது "வெறுக்கப்பட்டாள்" என்னும் சொல்தான். உபாகமம் 21:15இல் ஒருவனுடைய இரண்டு மனைவிகள் விரும்பப்பட்டவள், வெறுக்கப்பட்டவள் என்று இதே சோடியாக நிற்கிறார்கள். இரண்டில் ஒன்றைத் தெரிந்துகொள்ளும்போது பின்தள்ளப்படுவதை வெறுப்பு என்று சொல்வது அந்த மொழி வழக்கம். பெற்றோரிடமிருந்து பிள்ளைகளைப் பிரிக்க இந்த வசனத்தை எடுத்துக்காட்டுகிறவர்களிடம், "உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக" என்பதை மத்தேயு 15:4இல் மேற்கோள் காட்டியவரும் அதே இயேசுதான் என்று சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: வேதாகமத்தை வேதாகமத்தோடு ஒப்பிடுங்கள், ஆனால் மிச்சத்தை மறைக்காதீர்கள்

யோசுவா 10:36 முதல் 39 வரை எபிரோனிலும் தெபீரிலும் ஒருவரும் மீதியாக வைக்கப்படவில்லை என்று வாசிக்கிறோம். யோசுவா 15ஆம் அதிகாரத்தில் காலேப் எபிரோனையும் ஒத்னியேல் தெபீரையும் மறுபடி பிடிக்கிறார்கள்; நியாயாதிபதிகள் முதலாம் அதிகாரம் அதையே திரும்பச் சொல்கிறது. ஒருவரும் மீதியில்லாத ஊரில் யாரோடு போரிட்டார்கள்? விடை ஒருபகுதி அக்கால வெற்றிப் பேச்சில் இருக்கிறது. 1868இல் திபானில் கிடைத்த மோவாபிய அரசன் மேசாவின் கல்வெட்டு, இஸ்ரவேல் என்றென்றைக்கும் அழிந்தது என்று பெருமை பேசுகிறது. இஸ்ரவேல் அரசோ அதன்பின் நூறாண்டுக்கும் மேல் நின்றது. நமக்குப் பக்கத்திலேயே சான்று உண்டு: முதலாம் ராஜராஜனின் மெய்க்கீர்த்தி (கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனின் வெற்றிகளைப் புகழும் பகுதி) "காந்தளூர்ச் சாலை கலமறுத்தருளி" என்று அங்கே பெற்ற வெற்றியைச் சொல்கிறது, அவனுடைய பேரன் முதலாம் ராஜாதிராஜனும் அதே சாலையில் கலமறுத்ததாகச் சொல்லிக்கொள்கிறான். திருவனந்தபுரத்துப் பக்கத்துச் சாலை எத்தனை முறை அறுபட்டது?

ஆனாலும் இந்த விளக்கத்தோடு எழுந்துபோய்விடாதீர்கள். உபாகமம் 20:16இல் சுவாசமுள்ள ஒன்றையும் உயிரோடே வைக்காதே என்பது மெய்க்கீர்த்தி நடையில் வந்த பெருமை அல்ல, கட்டளையாக எழுதப்பட்டது. இங்கே பேசுவது யார் என்னும் இரண்டாம் படியும் நமக்குத் துணைசெய்யாது. சத்துருக்களைச் சிநேகியுங்கள் என்ற மத்தேயு 5:44ஐ அருகில் வைத்து வாசிக்கும் சபையாக, நாம் இதை இன்றைக்கான கட்டளையாகக் கொள்ள முடியாது என்று உறுதியாகச் சொல்லலாம். அன்றைக்கு அது ஏன் சொல்லப்பட்டது என்னும் கேள்வி எனக்குள் தீரவில்லை. "அது அந்தக் காலம்" என்று முடிப்பதை நான் விளக்கமாகக் கருதுவதில்லை.

ஆறாம் படி: குறிப்பேடு

இடப்பக்கத்தில் கண்டறிந்தவற்றையும் வலப்பக்கத்தில் தீராதவற்றையும் தேதியிட்டு எழுதுங்கள். வலப்பக்கம் நிறைந்தால் கவலை வேண்டாம். வகுப்பில் அதையும் வாசித்துக் காட்டுங்கள்.

பயிற்சிக்கு நியாயாதிபதிகள் 11:29 முதல் 40 வரை எடுத்துக்கொள்ளுங்கள். யெப்தா செய்வது தமிழில் "பொருத்தனை", மலையாளத்தில் நாம் தினமும் பேச்சில் வழங்கும் "நேர்ச்ச". இரண்டாம் படியைச் செய்யும்போது, அந்தப் பொருத்தனையைச் செய்யும்படி அவனிடம் கேட்டவர் யார் என்றும், அவன் மகளைக் கண்டு வஸ்திரத்தைக் கிழித்தபின் கர்த்தர் எந்த வசனத்திலாவது பேசுகிறாரா என்றும் தேடிப் பாருங்கள்.