பல் சார்ட் எழுதப் பழகுகிறவர்களுக்கு

தண்டையார்பேட்டையில் ஒரு பல் கிளினிக்கில் அசிஸ்டென்டாக இருக்கிறேன். புதிதாகப் பழக வருகிறவர்களுக்கு முதலில் சொல்வது இதுதான்: ஒவ்வொரு பல்லையும் எண் போட்டுக் குறிக்கும் சார்ட்டில் வலது என்றால் நோயாளியின் வலது. எதிரே நிற்கும் நமக்கு அது இடப்பக்கம்.

வாயை நான்காகப் பிரியுங்கள். மேல் வலது 1, மேல் இடது 2, கீழ் இடது 3, கீழ் வலது 4. அப்புறம் நடுக்கோட்டிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். 1, 2 வெட்டுப்பற்கள், 3 கோரைப்பல், 4, 5 முன்கடைவாய்ப்பற்கள், 6, 7 கடைவாய்ப்பற்கள், 8 ஞானப்பல். பகுதி எண்ணை முன்னால் போட்டு, பல்லின் எண்ணை அடுத்து எழுதுங்கள்: கீழ் இடது பகுதியின் முதல் கடைவாய்ப்பல் 36. அதை 'முப்பத்தாறு' என்று வாசிக்காதீர்கள். 'மூன்று, ஆறு' என்று டாக்டரிடம் திருப்பிச் சொல்லிவிட்டு எழுதுங்கள். பல் பிடுங்கும் நாளில் இந்தப் பழக்கம் பெரிய காவல்.

பால் பற்களுக்குப் பகுதி எண் அதே வரிசையில் 5 முதல் 8 வரை. பகுதிக்கு ஐந்து பற்கள், மொத்தம் 20. இங்கேதான் கவனம் வேண்டும். ஆறு வயதுவாக்கில், எந்தப் பல்லும் விழாமலே, கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் நிரந்தரக் கடைவாய்ப்பல் முளைக்கும். "விழுற பல்தானே சிஸ்டர்?" என்று அம்மாக்கள் கேட்பார்கள். இல்லை. 85-க்குப் பின்னால் நிற்பது 46, ஆயுசுக்கும் வேண்டிய பல். சொத்தை இருந்தால் உடனே குறியுங்கள்.

கம்பி கட்டுவதற்காக 4-ஐ எடுத்திருந்தால், கோரைப்பல்லை அடுத்து நிற்பது 5 தான், எண்ணை நகர்த்தாதீர்கள்.

வீட்டில் கண்ணாடி பார்த்துப் பழக வேண்டாம், பக்கம் குழம்பும். தம்பியையோ தங்கையையோ எதிரே உட்காரவைத்து, செல்போன் டார்ச் அடித்து எண்ணிப் பாருங்கள்.