பழைய பிக்கப் வண்டியின் மாடலை உறுதிசெய்வது எப்படி?

பழைய அமெரிக்கப் பிக்கப் வண்டியின் மாடலைத் தீர்மானிக்க, பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் எழுத்துச் சின்னத்தை மட்டும் நம்பக் கூடாது. மட்கார்டு மாற்றப்பட்டிருந்தால் அந்தச் சின்னம் வேறொரு வண்டியிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். ஷெவர்லே பிக்கப்களில் 1960 முதல் ‘சி’ இரு சக்கர இயக்கத்தையும் ‘கே’ நான்கு சக்கர இயக்கத்தையும் குறித்தன. அடுத்து வரும் 10, 20, 30 ஆகிய எண்கள் முறையே அரை டன், முக்கால் டன், ஒரு டன் வகைகளாகும். இவை வகைப்பெயர்களே தவிர, வண்டி உண்மையில் தாங்கும் எடை அல்ல. 1987இல் புதிய வடிவம் வரவிருந்ததால், பழைய வடிவத்துக்கு ‘சி’, ‘கே’ ஆகியவற்றுக்குப் பதிலாக முறையே ‘ஆர்’, ‘வி’ என்ற எழுத்துகள் தரப்பட்டன. இதை அறியாதவர்கள் அந்த ஆண்டு வண்டியைக் கண்டு குழம்புவதில் வியப்பில்லை.

சேஸி எண்ணே உறுதியான சான்று. 1973 முதல் 1978 வரையிலான வண்டிகளில் அது ‘சிகேஒய்147’ என்பதுபோலத் தொடங்கினால், முதல் எழுத்து ஷெவர்லே (அதே நிறுவனத்தின் மற்றொரு பிராண்டான ஜிஎம்சி எனில் ‘டி’), இரண்டாவது நான்கு சக்கர இயக்கம், மூன்றாவது இன்ஜின், 1 அரை டன், 4 பிக்கப், 7 என்பது 1977 எனப் படிக்க வேண்டும். 1981 முதல் சேஸி எண் 17 இலக்கமானதால் இம்முறை அதற்குப் பொருந்தாது.

ஃபோர்டில் எஃப்-150 வந்தது 1975இல்தான். அதற்கு முந்தைய வண்டியில் அந்தச் சின்னம் இருந்தால் அது பின்னர் பொருத்தப்பட்டதே. எழுபதுகளின் சேஸி எண் ‘எஃப்14’ எனத் தொடங்கினால் நான்கு சக்கர இயக்க எஃப்-150, ‘எஃப்15’ எனில் இரு சக்கர இயக்க எஃப்-150. டாட்ஜில் இதே வேறுபாட்டை முறையே ‘டபிள்யூ’, ‘டி’ எழுத்துகள் காட்டுகின்றன.