ஜூஸ் பாக்கெட்டையும் டின் காய்கறியையும் ஒப்பிடும்போது செய்யும் தவறுகள்

கடையில் ஜூஸ் பாக்கெட்டையும் டின் பட்டாணியையும் கையில் எடுத்துப் பார்ப்பவர்கள் முதலில் தேடுவது கலோரியைத்தான். இந்த இரண்டுக்கும் அந்த எண் போதாது. 100 கிராமுக்கு, 100 மில்லிக்கு என்று பார்த்தால் கலோரி கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் பட்டாணியில் சுமார் 4 கிராம் நார்ச்சத்தும் ஏறக்குறைய அதே அளவு புரதமும் உண்டு. பழ பானத்தில் இரண்டுமே இல்லை என்றே சொல்லலாம். பானத்தில் பார்க்க வேண்டியது சர்க்கரை, டின்னில் பார்க்க வேண்டியது உப்பு.

அதிகம் ஏமாற்றுவது அளவுக் கணக்கு. 100 மில்லிக்கு 12 கிராம் சர்க்கரை என்று போட்டிருந்தால் பெரிதாகத் தெரியாது. ஆனால் 200 மில்லி பாக்கெட்டை யாரும் பாதியில் வைப்பதில்லை. முழுதாகக் குடித்தால் 24 கிராம், அதாவது ஆறு டீஸ்பூன் சர்க்கரை. இந்திய லேபிள்களில் வரும் தினசரித் தேவைச் சதவீதம், 2000 கலோரி சாப்பிடும் பெரியவருக்கு ஒரு நாளில் 50 கிராம் சேர்த்த சர்க்கரை என்ற கணக்கில் போடப்படுகிறது. பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு அந்தச் சதவீதத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர்களுக்கான வரம்பு அதைவிடக் குறைவு.

அட்டையில் பழப் படம் இருப்பதால் எல்லாமே ஜூஸ் ஆகிவிடாது. பழ பானம் என்று விற்க இந்திய விதிப்படி 10% பழச்சாறு இருந்தாலே போதும், எலுமிச்சைக்கு 5%. சேர்மானப் பட்டியல் எடை அதிகமானதிலிருந்து குறைந்தது வரை வரிசையாக இருக்கும். தண்ணீர், சர்க்கரை, அப்புறம்தான் மாம்பழக் கூழ் என்று இருந்தால் விஷயம் புரிந்துவிடும். அடர்சாற்றில் (தண்ணீரை நீக்கிக் கெட்டியாக்கிய சாறு) தண்ணீர் கலந்து மீண்டும் தயாரிக்கும் ஜூஸில் '100% பழச்சாறு' என்று போடக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2024 ஜூனில் உத்தரவிட்டது.

'சர்க்கரை சேர்க்கவில்லை' என்ற வரியை நம்பி நீரிழிவு உள்ளவர்களுக்கு ஜூஸ் வாங்கித் தருபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. பழச்சாற்றிலும் அடர்சாற்றிலும் இயல்பாக உள்ள சர்க்கரையையும், கட்டுப்படுத்த வேண்டிய சர்க்கரைக் கணக்கில்தான் உலக சுகாதார நிறுவனம் சேர்க்கிறது. எனவே 'மொத்த சர்க்கரை' என்ற வரியையும் பாருங்கள்.

டின் காய்கறியில் சத்தே மிஞ்சாது என்று ஒதுக்குவதும் சரியல்ல. சூட்டில் வைட்டமின் சி, பி1 ஓரளவு குறையும். நார்ச்சத்தும் தாது உப்புகளும் சூட்டில் அழிவதில்லை. தக்காளிக்குச் சிவப்பு நிறம் தரும் லைகோபீன் சத்தை, வேகவைத்த பிறகு உடல் இன்னும் எளிதாக எடுத்துக்கொள்ளும். வைட்டமின் சி-யை மட்டும் வைத்து ஜூஸுக்கு மதிப்பெண் போடுவதிலும் சிக்கல் உண்டு. சேர்மானத்தில் ஐ.என்.எஸ். 300 என்ற சேர்க்கைப்பொருள் எண் இருந்தால் அது தனியாகச் சேர்த்த அஸ்கார்பிக் அமிலம், அதாவது வைட்டமின் சி.

டின்னின் உப்பு விஷயம் உண்மையிலேயே கவனத்துக்குரியது, ரத்த அழுத்தம் உள்ள வீடுகளில் குறிப்பாக. லேபிளில் உப்பு என்று இல்லாமல் சோடியம் என்று இருக்கும், 400 மி.கி. சோடியம் என்றால் ஏறக்குறைய 1 கிராம் உப்பு. ஒரு நாளுக்கான உச்ச அளவு 2000 மி.கி. சோடியம். டின்னில் உள்ள தண்ணீரை வடித்துவிட்டு, குழாய்த் தண்ணீரில் நன்றாக அலசினால் கொண்டைக்கடலை, ராஜ்மா போன்றவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சோடியம் போய்விடும். நீரில் கரையும் வைட்டமின்கள் கொஞ்சம் அதோடு போகும்தான். இருந்தாலும் உப்பைக் குறைப்பதே இங்கே முக்கியம். விலையை ஒப்பிடும்போதும் நிகர எடையைப் பார்க்காமல் வடித்த எடையைப் பாருங்கள், தண்ணீருக்குக் காசு கொடுக்க வேண்டாம். அலசிய பட்டாணியைக் குருமாவில் போட்ட பிறகு ருசி பார்த்துவிட்டு உப்பு போடுங்கள். வழக்கமான அளவு பெரும்பாலும் தேவைப்படாது.