நாட்பட்ட குடல் வருத்தத்தில் நிறை இறங்கினால் என்ன செய்யலாம்

கிரோன்ஸ், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் மாதிரி நாட்பட்ட குடல் வருத்தம் உள்ள ஒருவர் மெலியத் தொடங்கினால் எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் முதலில் கூடுவது பத்தியம்தான். முட்டை சூடு, தயிர் குளிர், பருப்பு வாய்வு, இறால் கிரந்தி என்று ஆளுக்கொன்று சொல்லிச் சொல்லி, கடைசியில் கோப்பையில் மிஞ்சுவது குழைந்த சோறும் ரசமும். அதைத் தின்று ஆள் இன்னும் மெலிவார், அதைப் பார்த்து இன்னொரு பத்தியம் வரும். எதைத் தின்னலாம் என்று கேட்பதற்கு முன்னால், நிறை எந்த வழியால் போகிறது என்று பாருங்கள். அது தெரியாமல் சாப்பாட்டைக் கூட்டுவதும் குறைப்பதும் குருட்டாம்போக்கு வேலை.

முதலில் அளவு. ஒரே தராசு, காலையில் மலசலகூடம் போய் வந்த பிறகு, தேத்தண்ணி குடிக்க முன், மெல்லிய வீட்டு உடுப்போடு. கிழமைக்கு ஒருநாள் போதும், தினமும் ஏறி நின்றால் மனம்தான் கெடும். வீட்டில் தராசு இல்லையென்றால் பாமசியில் உள்ளதில் ஏறுங்கள், ஆனால் எப்போதும் அதே பாமசியாக இருக்கட்டும், ஏனென்றால் இரண்டு தராசு ஒரே நிறையைக் காட்டும் என்று நம்ப முடியாது. திகதியோடு கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் நீங்கள் நினைக்காமலே 5 சதவீதத்துக்கு மேல் இறங்கினால் டொக்டருக்குச் சொல்ல வேண்டும், ஆறு மாதத்தில் 10 சதவீதம் என்றால் அடுத்த கிளினிக் வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. 60 கிலோ இருந்தவருக்கு அது 3 கிலோவும் 6 கிலோவும்.

தராசு ஏமாற்றுவதும் உண்டு. வயிற்றோட்டம் கடுமையாக இருக்கும்போது இரண்டு நாளில் இரண்டு கிலோ போனால் அது பெரும்பாலும் தண்ணீர், சதை இல்லை; கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் இது இன்னும் வேகமாக நடக்கும். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் உப்பு ஈடாகாது. ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் குடிக்கிற உப்புச் சீனிக் கரைசல் மா) ஒரு பக்கெட்டை ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். மற்றது இதற்கு எதிர்ப்பக்கம்: பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசை குடிக்கிறவருக்கு முகம் ஊதி, உடம்பில் நீர் கட்டி, நிறை இறங்காத மாதிரியே இருக்கும், உள்ளே தொடையிலும் புயத்திலும் சதை கரைந்துகொண்டிருக்கும். கணுக்காலுக்கு மேலே முன்னெலும்பில் பெருவிரலால் சற்று நேரம் அழுத்திப் பாருங்கள், குழி விழுந்து அப்படியே நின்றால் நீர் இருக்கிறது. அப்படியான நேரத்தில் தராசை விட, கதிரையில் இருந்து கை ஊன்றாமல் எழும்ப முடிகிறதா என்பதுதான் நல்ல சோதனை.

சரி, நிறை எந்த வழியால் போகிறது?

பலருக்கு முதல் வழி பயம். சாப்பிட்டால் வயிறு வலிக்கும், ஓட வேண்டி வரும் என்று தெரிந்த பிறகு மனிதர் தானாகவே சாப்பாட்டைக் குறைப்பார். கல்முனையில் இருந்து மட்டக்களப்புக்கு பஸ் ஏற வேண்டிய நாளில் காலையில் இருந்து ஒன்றும் வாயில் வைக்காதவர்கள் எத்தனை பேர்! "நான் நல்லாத்தான் சாப்பிடுறன்" என்றும் சொல்வார்கள், பொய்யும் இல்லை, அவர்களுக்கே தெரிவதில்லை. அதனால் மூன்று நாளைக்கு வாயில் போனதையெல்லாம், பிளேன்ரீயோடு கடித்த பிஸ்கட் உட்பட, எழுதிப் பாருங்கள்.

இரண்டாவது, குடலில் அழற்சி எரிந்துகொண்டிருப்பது. அது பசியை அடக்கும், உடம்பின் செலவைக் கூட்டும், சதையையும் உடைக்கும். இந்த நிலையில் எவ்வளவு தின்றாலும் நிறை நிற்பது கஷ்டம், வருத்தத்தை அடக்குவதுதான் மருந்து. மூன்றாவது, சாப்பிட்டது உடம்பில் சேராமல் போவது. கிரோன்ஸ் சிறுகுடலின் கடைசிப் பகுதியைத் தாக்கினால், அல்லது அந்தத் துண்டை வெட்டி எடுத்திருந்தால், விற்றமின் பி12 சேராது, கொழுப்பும் சரியாகச் சேராது. மலம் எண்ணெய்ப் பிடிப்பாக, வெளிறி, கடும் மணத்தோடு, தண்ணீர் ஊற்றியும் போகாமல் மிதந்தால் இந்தப் பக்கமாக யோசிக்கலாம். வெட்கப்படாமல் டொக்டரிடம் சொல்லுங்கள், அவர் இதை விட மோசமானதையெல்லாம் கேட்டவர்.

நாலாவதைத்தான் எல்லோரும் மறப்பது: குடல் வருத்தத்தோடு வேறொரு வருத்தமும் வரலாம். ஸ்டீரொயிட்டால் சீனி ஏறியிருக்கலாம், தைரொயிட் கூடியிருக்கலாம். நோயெதிர்ப்பைக் குறைக்கிற மருந்து, முக்கியமாக இன்ஃபிளிக்ஸிமாப் மாதிரியான ஊசி எடுக்கிறவருக்கு பின்னேரக் காய்ச்சல், இராத்திரி வியர்வை, இருமலோடு நிறை இறங்கினால் காசநோய் இல்லையென்று உறுதிப்படுத்தியே ஆக வேண்டும். குடலில் வரும் காசநோய் கிரோன்ஸ் மாதிரியே வேசம் போடும் என்பதால் டொக்டர்மார் இதில் கவனமாக இருப்பார்கள், ஆனால் காய்ச்சல் இருக்கிறது என்று நீங்கள் சொன்னால்தானே.

கிளினிக்கில் நெரிசல், உங்களுக்குக் கிடைப்பது கொஞ்ச நேரம். "உடம்பு மெலியுது டொக்டர்" என்று தொடங்கினால் பேச்சு எங்கோ போய்விடும். "மூன்று மாதத்தில் 58 கிலோவில் இருந்து 53க்கு வந்திட்டுது, ஒரு நாளைக்கு ஆறு தரம் போகுது, இராத்திரியும் எழும்புறன்" என்று ஒரே மூச்சில் சொல்லிக் கொப்பியைத் திருப்பிக் காட்டுங்கள். இரத்த எண்ணிக்கை, சிஆர்பி (அழற்சியைக் காட்டும் இரத்தச் சோதனை), அல்புமின் (இரத்தத்தில் உள்ள ஒரு புரதம்), இரும்புச்சத்து, பி12, சீனி, தைரொயிட் பார்க்க வேண்டுமா என்று கேட்கலாம், தப்பில்லை. மலத்தில் கல்புரொடெக்டின் பார்க்கும் சோதனை அழற்சி இருக்கிறதா என்று காட்டும், விலை கூடியது, வெளியில் செய்யச் சொல்லவும் கூடும். நிறை இறங்குகிறதே என்று குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம், ஸ்டீரொயிட்டைத் திடீரென்று விடுவது ஆபத்தும்கூட. வலிக்கு டைக்குளோஃபெனக், இபுபுரூஃபன் வாங்கிப் போடுவதையும் விடுங்கள், அவை குடலைக் கிளறிவிடலாம்.

இனிச் சாப்பாடு. வருத்தம் கிளம்பியிருக்கும் காலத்தில் ஒரு கிலோ உடல் நிறைக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தேவை, அடங்கியிருக்கும்போது சுமார் 1 கிராம். 50 கிலோ ஆளுக்குக் கிளம்பிய நேரத்தில் 60 முதல் 75 கிராம். சிறுநீரக வருத்தமும் இருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது, கேட்டுச் செய்யுங்கள். ஒரு முட்டையில் 6 கிராம் அளவு, 100 கிராம் மீனில் 20 கிராம் அளவு இருக்கிறது. அவித்த முட்டை இரண்டு, மத்தியானமும் இரவும் விராலோ பாரையோ 100 கிராம் அளவில் ஒரு துண்டு, ஒரு கோப்பைத் தயிர் என்று வைத்தாலே ஏறக்குறைய 60 வந்துவிடும். ஆற்றுமீனும் கடல்மீனும் வாசலுக்கே வருகிற ஊரில் இருந்துகொண்டு ரசம் மட்டும் குடித்து மெலிவது எனக்கு விளங்காத விஷயம்.

மூன்று வேளை வயிறு முட்டத் தின்ன முடியாது, ஐந்தாறு தரமாகப் பிரியுங்கள். ஓங்காளம் உள்ளவருக்குக் கஞ்சிதான் கை கொடுக்கும், ஆனால் வெறுங்கஞ்சி வேண்டாம். பச்சையரிசியை நன்றாகக் கரையவிட்டு, கஞ்சி கொதித்துக்கொண்டிருக்கும்போதே அடித்த முட்டையை நூல் மாதிரி ஊற்றி அகப்பையால் விடாமல் சுற்றுங்கள், திரளாது. மஞ்சள் கரைசலாகக் கலந்த பிறகும் இன்னும் கொஞ்ச நேரம் கொதிக்கட்டும், நோயெதிர்ப்பைக் குறைக்கிற மருந்து எடுக்கிறவர்கள் அரைவேக்காட்டு முட்டை தின்னக் கூடாது. இறக்கி உப்பும் ஒரு தேக்கரண்டி நெய்யும் விடுங்கள். பால் ஒத்துக்கொள்ளாதவர் பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்ளும், லக்ரோஸ் என்ற பால் சீனி அதில் குறைவு. எருமைத் தயிரைச் சுத்தமான துணியில் கட்டி ஒரு மணித்தியாலம் வடியவிட்டால் கெட்டியாகி, சின்னக் கிண்ணத்தில் நிறையச் சத்து நிற்கும், கதலிப்பழத்தை மசித்துச் சேர்க்கலாம். என்ஷுவர் மாதிரியான மா நல்லதுதான், விலைதான் நெஞ்சை அடைக்கும். சாப்பாட்டுக்குப் பதிலாக இல்லாமல், சாப்பாட்டுக்கு இடையில் குடித்தால்தான் நிறை கூடும்.

தேங்காய்ப் பாலைப் பற்றி எல்லோருக்கும் பொதுவாக ஒன்றும் சொல்ல முடியாது. மலம் எண்ணெயாகப் போகாதவருக்குச் சொதியும் பால்கறியும் நிறை ஏற்ற நல்ல வழி. கொழுப்புச் சேராதவருக்கு அதே சொதி வயிற்றோட்டத்தைக் கூட்டும். குடல் ஒடுங்கியிருக்கிறது என்று ஸ்கானில் சொல்லியிருந்தால் முருங்கைக்காய்ச் சக்கை, பலாக்காய், சோளம், மரவள்ளித் தும்பு போன்றவற்றை விடுங்கள், கீரையை மசித்துத் தின்னுங்கள். ஒடுக்கம் இல்லாதவர் இதற்குப் பயந்து மரக்கறியையே விட வேண்டியதில்லை. ஒரு சாப்பாட்டைத் தள்ளி வைப்பதென்றால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பாருங்கள், இரண்டு கிழமையில் வித்தியாசம் இல்லையென்றால் திரும்பச் சேருங்கள்.

கந்தசஷ்டியின் ஆறு நாளோ, கேதார கௌரியின் இருபத்தொரு நாளோ, ரமழான் நோன்போ எதுவாக இருந்தாலும் நிறை இறங்கிக்கொண்டிருக்கும் காலத்தில் பிடிக்க முன் டொக்டரிடம் கேளுங்கள். இது சொல்வதற்கு லேசு, வீட்டில் பெரியவர்களுக்கு விளங்கப்படுத்துவதுதான் பாடு, அவர்களையும் கிளினிக்குக்கு ஒருநாள் கூட்டிப் போனால் பாதிப் பிரச்சினை தீரும்.

சாப்பாட்டோடு கொஞ்சம் நடையும், கதிரையில் எழும்பி இருக்கும் பயிற்சியும் செய்தால் கூடுகிற நிறை கொழுப்பாக மட்டும் போகாமல் சதையாகவும் பிடிக்கும். காய்ச்சல், இரத்தம் கூடப் போவது, சத்தியும் வயிறு உப்பி இறுகுவதும் சேர்ந்து வருவது, தலைசுற்றி விழுவது இவற்றில் ஏதாவது இருந்தால் கிளினிக் திகதி வரட்டும், "மறுகா பாப்பம்" என்று நிற்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஐந்து நாளுக்கு மேல் கிட்டத்தட்ட ஒன்றுமே தின்னாமல் இருந்தவருக்கு வீட்டில் வைத்துத் திடீரென்று நிறையக் கொடுக்கவும் வேண்டாம், இரத்தத்தில் பொசுபேற்றும் பொட்டாசியமும் சட்டென்று இறங்கி இதயத்தைப் பாதிக்கக்கூடும், அவருக்கு வாட்டில் வைத்து இரத்தம் பார்த்துப் பார்த்துத்தான் சாப்பாட்டைக் கூட்ட வேண்டும்.