மோட்டார்ஹோமின் பின்னால் இழுக்கப்படும் காருக்கு எந்த பிரேக் அமைப்பு?

அமெரிக்காவிலும் கனடாவிலும் மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கும் வசதியுள்ள பெரிய வண்டி) வைத்திருப்போர், நான்கு சக்கரங்களும் தரையில் உருளும்படி ஒரு சிறிய காரை டோ பார் எனும் இழுவைத் தண்டில் மாட்டி இழுத்துச் செல்வது வழக்கம். அந்தக் காருக்குத் தனி பிரேக் அமைப்பு தேவையா என்ற கேள்விக்கு எடைக் கணக்கே விடை சொல்லிவிடும். 20,000 பவுண்டு எடையுள்ள வண்டியோடு 4,000 பவுண்டு கார் சேரும்போது, அதே வேகத்திலிருந்து நிற்பதற்கு வண்டியின் பிரேக்குகள் தாங்க வேண்டிய ஆற்றல் ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. முழு வலுவோடு பிரேக் பிடித்தாலும் நிற்கும் தூரம் ஏறத்தாழ அதே விகிதத்தில் நீளும். வண்டியும் காரும் சேர்ந்த மொத்த எடைக்கு என்று கையேட்டில் ஒரு பெரிய எண் தரப்பட்டிருக்கும். அதைப் பார்த்து பிரேக்கும் அந்த எடையைத் தாங்கும் என்று எண்ணிவிடக் கூடாது. பிரேக்குகள் பெரும்பாலும் மோட்டார்ஹோமின் சொந்த அதிகபட்ச எடைக்கே கணக்கிடப்பட்டவை. பல மாநிலங்களின் சட்டம் 3,000 பவுண்டுக்கு மேல் இழுக்கப்படுவதற்கு பிரேக் கேட்கிறது. சில மாநிலங்களிலும் சில சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டகம்) கையேடுகளிலும் வரம்பு அதைவிடக் குறைவு. எது குறைவோ அதையே பின்பற்றுங்கள்.

தேர்வைத் தொடங்க வேண்டிய இடம் கடையின் விலைப்பட்டியல் அல்ல, உங்கள் மோட்டார்ஹோமின் பிரேக் வகை. பின்புறம் டீசல் எஞ்சின் உள்ள பெரிய வண்டிகள் பெரும்பாலும் ஏர் பிரேக் கொண்டவை. அவற்றுக்கு, வண்டியின் காற்றழுத்தத்தையே பயன்படுத்திக் காரின் பிரேக்கை இயக்கும் ஏர் ஃபோர்ஸ் ஒன் போன்ற நிரந்தர அமைப்பே என் கணிப்பில் சிறந்தது. நீங்கள் மெதுவாக மிதித்தால் காரும் மெதுவாகவும், பலமாக மிதித்தால் பலமாகவும் பிரேக் பிடிக்கும். ஹைட்ராலிக் பிரேக், அதாவது எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பிரேக் கொண்ட பெட்ரோல் வண்டிகளுக்கு, ஹைட்ராலிக் குழாயை அறுத்து இணைப்பதைவிட மின்சைகையால் இயங்கும் அமைப்பே பாதுகாப்பானது. பிரேக் எண்ணெய்க் குழாயில் கை வைத்தால் உத்தரவாதத்தைப் பற்றிய தகராறு வரலாம் என்பதோடு, கசிவு ஏற்பட்டால் இழப்பது மோட்டார்ஹோமின் சொந்த பிரேக்கையே.

அடுத்துப் பார்க்க வேண்டியது காரின் பிரேக் பூஸ்டர், அதாவது வெற்றிடத்தின் உதவியால் பெடலை எளிதாக மிதிக்கவைக்கும் பாகம். பலரும் கவனிக்காமல் விடும் இடமும் இதுதான். எஞ்சின் ஓடாத காரில், பூஸ்டரில் தேங்கியிருக்கும் வெற்றிடம் ஓரிரு முறை மிதித்தவுடன் தீர்ந்துபோய் பெடல் கல்போல் இறுகிவிடும். ஓட்டுநர் இருக்கைக்கு முன் தரையில் வைத்துப் பெடலோடு கவ்விவிடும் பெட்டி வகைக் கருவிகள், அப்படி இறுகிய பெடலை அழுத்துவதற்கென்றே வலுவாகச் செய்யப்பட்டவை. ஆகவே அவற்றை மாட்டும் முன் பெடலைப் பலமுறை மிதித்து வெற்றிடத்தை வெளியேற்ற வேண்டும். இல்லையெனில் முதல் அழுத்தத்திலேயே சக்கரங்கள் பூட்டிக்கொண்டு டயர் தேயும். மாறாக, ஹைபிரிட் கார்கள் பலவற்றில் எஞ்சின் ஓடாதபோதும் மின்சாரத்தால் பெடலுக்கு உதவி கிடைத்துக்கொண்டே இருக்கும். அத்தகைய காருக்கு, அழுத்தும் விசையைக் குறைத்துவைக்கும் வசதி உள்ள கருவியை மட்டுமே வாங்க வேண்டும்.

பெட்டி வகையா, நிரந்தர வகையா என்பது உங்கள் பழக்கத்தைப் பொறுத்தது. காரை அடிக்கடி மாற்றுபவருக்குப் பெட்டி ஏற்றது. ஆனால் ஒவ்வொரு முறையும் எடுத்து வைத்து, இருக்கையைச் சரிசெய்து, பெடலில் கவ்வ வேண்டும். ஒரே காரைப் பல ஆண்டுகள் இழுப்பவர், பொருத்தும் செலவு கூடினாலும் நிரந்தர அமைப்பைத் தேர்வது நல்லது, ஏனெனில் அவசரத்தில் மாட்ட மறந்துபோகும் பொருள் அதில் குறைவு. டோ பாரின் உந்துதலைக் கேபிள் வழியாகப் பெடலுக்குக் கடத்தும் ரெடி பிரேக் போன்ற இயந்திர வகை எளிமையானது, மின்சாரம் வேண்டாதது.

எல்லாவற்றையும்விட நான் அதிகம் அஞ்சுவது, பிடிக்கக் கூடாத நேரத்தில் பிரேக் பிடித்துக்கொண்டே இருப்பதுதான். மலைச்சாலை இறக்கத்தில் எக்ஸாஸ்ட் பிரேக்கையோ (எஞ்சின் புகை வெளியேறுவதைத் தடுத்து வேகத்தைக் குறைக்கும் அமைப்பு) கீழ் கியரையோ நம்பி இறங்கும்போது வேகம் குறைவதை உணர்ந்து, உந்துதலால் இயங்கும் வகையும் வெறும் அசைவு சென்சாரை மட்டும் நம்பும் வகையும் காரின் பிரேக்கைத் தொடர்ந்து அழுத்தக்கூடும்; ஓட்டுநருக்கு எதுவும் தெரியாது, பின்னால் காரின் பிரேக் பேட் புகைந்து தீப்பற்றவும் கூடும். மோட்டார்ஹோமின் பிரேக் விளக்குச் சைகையும் வேகக் குறைவும் சேர்ந்து வந்தால் மட்டுமே இயங்கும் ஸ்டே-இன்-பிளே டுவோ போன்ற அமைப்பு இந்த ஆபத்தைப் பெரிதும் தவிர்க்கிறது. எந்த வகையை வாங்கினாலும், காரின் பெடல் அழுத்தப்படும்போது ஓட்டுநர் முன் எரியும் எச்சரிக்கை விளக்கு அதனோடு இருக்கட்டும். அது இல்லாத கருவி மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

டோ பார் முறிந்து கார் பிரிந்தால் தானாகவே அதை நிறுத்தும் பிரேக்அவே சுவிட்ச் அமைப்போடு வருகிறதா என்றும் பாருங்கள். அதன் கேபிளை டோ பாரில் அல்லாமல் மோட்டார்ஹோமின் சட்டகத்தில் மாட்ட வேண்டும்.  மின்சாரத்தால் இயங்கும் கருவி காரின் பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுப்பதால், நாள் முழுவதும் ஓடினாலும் பேட்டரி தீராதபடி மோட்டார்ஹோமிலிருந்து ஒரு சார்ஜ் கம்பி இழுத்துவிடுவதும் அவசியம்.

பொருத்திய பின், காலியான வாகன நிறுத்தத்தில் மெதுவாக ஓட்டி, ஒருவர் வெளியே நின்று பார்க்க, பலமுறை பிரேக் பிடித்து அமைப்பின் விசையைச் சரிசெய்யுங்கள். காரின் சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமலும், மோட்டார்ஹோமை அது பின்னிருந்து தள்ளாமலும் இருக்கும் நிலைதான் சரியானது. முதல் நீண்ட பயணத்தில் சில மைல்கள் ஓடியதும் ஓரமாக நிறுத்தி, காரின் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையை நீட்டிச் சூட்டை ஒப்பிடுங்கள். பிரேக் அதிகம் பிடிக்காத சாலையில் ஏதேனும் ஒரு சக்கரம் கொதித்தாலோ பேட் கருகும் வாடை வந்தாலோ, பெடல் முழுவதும் மேலே திரும்பியிருக்கிறதா என்று பார்த்து, காரணம் தெரியும்வரை பயணத்தைத் தொடராதீர்கள்.